பாதிரியார் திட்டு

நெல்டா பேட்ஜெட்டை எனக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து தெரியும். அந்த உரிமையில்தான் இங்கே ‘அவள்’ என்று எழுதுகிறேன். நேரில் எல்லோரையும் போல நானும் ‘மிஸ் நெல்டா’ என்றுதான் கூப்பிடுவேன். கேரோ கவுண்டி, அதாவது எங்கள் மாவட்டம், அதன் அலுவலகத்துப் பின்னறையில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்திருந்தவள். படகுத்துறைக்கு அனுமதி, கழிவுத்தொட்டிக்கு அனுமதி, நாய்க்கு உரிமம் எல்லாம் அவள் மேஜை வழியாகத்தான் போகும். போன மாதம் ஓய்வு பெற்றாள். அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். குடாவில் சிப்பி வாரிப் பிழைக்கும் சிப்பிக்காரர்கள் நாங்கள் ஒருவரும் போகவில்லை. வெட்கம்தான் காரணம், வேறொன்றுமில்லை. அந்த வெட்கம் எப்படி வந்தது என்று யாராவது ஒருவன் எழுதி வைக்க வேண்டும். மற்றவர்கள் எழுத மாட்டார்கள், அதனால் நான் எழுதுகிறேன்.

நெல்டாவின் அம்மா சிப்பி உடைக்கும் கொட்டகையில் வேலை பார்த்தவள். பள்ளிக்கூடம் முடிகிற வரை நெல்டாவும் அங்கே கத்தி பிடித்திருக்கிறாள். இடது உள்ளங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. சிப்பி ஓட்டைப் பற்றி அவளுக்குத் தெரியாதது கிடையாது. ஆனால் அந்தச் சிப்பி குடாவில் எந்த இடத்திலிருந்து வந்தது என்பது மட்டும் தெரியாது. எங்கள் ஊரில் எந்தப் பெண்ணுக்கும் தெரியாது, ஏனென்றால் எந்த ஆணும் சொல்ல மாட்டான். லனியர் பாயின்ட்டில் ஒருவன் தன் சம்பளத்தைச் சொல்லுவான், வியாதியைச் சொல்லுவான், இரண்டு பியர் உள்ளே போனால் பெண்டாட்டியிடம் வாங்கிய வசவையும் சொல்லுவான். சிப்பி விளையும் எந்தத் திட்டில் இடுக்கி இறக்கி வாருகிறான் என்பதை மட்டும் சொல்ல மாட்டான். கேட்டால் ‘பாதிரியார் திட்டு’ என்பான்.

பாதிரியார் திட்டு என்பது குடாவின் மேற்கு ஓரத்தில் உள்ள வெறும் சேறு. புதிதாக வந்த ஒரு பாதிரியார், சிப்பி எங்கே கிடைக்கும் என்று எந்தக் காலத்திலோ கேட்டாராம். அந்தப் பக்கம் கை காட்டிவிட்டார்கள். அந்த மனுஷன் ஒரு நாள் முழுக்கச் சேற்றைக் கிளறிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பொய்யைப் பற்றிப் பிரசங்கம் செய்தாராம். அதிலிருந்து யாராவது ஏமாந்தால் ‘அவனைப் பாதிரியார் திட்டுக்கு அனுப்பிட்டாங்க’ என்போம். பாதிரியார் திட்டியதால் அந்தப் பெயர் என்று சொல்கிறவர்களும் உண்டு.

நெல்டாவின் புருஷன் ராய்ஸ் எங்களில் நல்ல சிப்பிக்காரன். பன்னிரண்டு அடிக் கைப்பிடி போட்ட இடுக்கியை அவன் தண்ணீருக்குள் இறக்கினால், அடியில் இருப்பது கல்லா, செத்த ஓடா, உயிருள்ள சிப்பியா என்று கைக்கே தெரிந்துவிடும். வாய் பேசாது. கல்யாணமாகி இருபது வருஷத்தில் நெல்டாவிடம் அவன் பேசியதை ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

இரண்டாயிரத்துப் பத்து ஏப்ரலில் நடுக்கடலில் எண்ணெய்க் கிணறு வெடித்தது. எண்ணெய் வருகிறது, வருகிறது என்று தொலைக்காட்சி அலறியது. வருவதற்குள் எடுத்துவிடலாம் என்று நாங்கள் எல்லோரும் குடாவில் இறங்கினோம். பெரியது சின்னது என்று பார்க்கவில்லை. குஞ்சையும் சேர்த்து வாரினோம். கடைசியில் எண்ணெய் எங்கள் குடாவுக்கு வரவே இல்லை. ஒரு சொட்டு வரவில்லை. ‘வளைகுடாச் சிப்பி’ என்றாலே சாப்பிடுகிறவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான், அதுதான் வந்தது. அடுத்து இரண்டு வருஷம் மழை இல்லை. ஆற்றுத் தண்ணீர் வராமல் குடாவில் உப்பு ஏறியது. சுரண்டி எடுத்த திட்டில் மிச்சமிருந்ததும் செத்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைத்தான் செய்திருந்தோம்.

பிறகு சட்டம் வந்தது. எண்ணெய்க் கம்பெனி கட்டும் அபராதத்தில் கரையோரக் கவுண்டிகளுக்கும் பங்கு உண்டு, கெட்டதைச் சீர்படுத்த அதைச் செலவழிக்கலாம் என்றார்கள். கவுண்டியை நடத்தும் கமிஷனர்கள் ஐந்து பேருக்கும் வாய் காதுவரை போனது.

“செக் எப்போ வரும், மிஸ் நெல்டா?” என்று கமிஷனர்களின் தலைவர் கேட்டார்.

“செக் தானா வராதுங்க. கேக்கத் தெரிஞ்சவங்களுக்குத்தான் வரும்.”

“நம்ம பங்குதானே? அதை எதுக்குக் கேக்கணும்?”

“பங்கு நம்மளுதுதான். சாவி வாஷிங்டன்ல இருக்கு” என்றாள் நெல்டா.

அந்தச் சட்டத்தின் விதிகள் நூற்றுச்சொச்சம் பக்கங்களையும் அவள் தனியாக உட்கார்ந்து படித்திருந்தாள். முதலில் கவுண்டி ஒரு திட்டம் எழுத வேண்டும். என்ன கெட்டது, எதைச் செய்தால் சரியாகும், அப்படிச் சொல்கிற ஆராய்ச்சி எது, எந்த இடம், வரைபடத்தில் அந்த இடத்தின் எண் என்ன என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பிறகு அதை நாற்பத்தைந்து நாள் ஊர் பார்க்கத் தொங்கவிட வேண்டும். ஊர் சொல்வதற்கெல்லாம் பதில் எழுத வேண்டும். அப்புறம் கமிஷனர்கள் ஓட்டுப் போட்டு அனுப்ப வேண்டும். அது தேறினால் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக இன்னொரு மனு. வேலை முடிந்த பிறகும் பலன் என்ன என்று அளந்து காட்ட வேண்டும், அப்போதுதான் அடுத்ததைக் கேட்க வாய் இருக்கும். பக்கத்துக் கவுண்டியில் இதற்கென்று டை கட்டிய ஆலோசகர்கள் நாலு பேரைக் கூலிக்கு வைத்துக்கொண்டார்கள். எங்கள் கவுண்டிக்கு நெல்டா இருந்தாள். சிப்பி அடுக்கும் மெழுகு அட்டைப்பெட்டி ஆறில் காகிதங்களை அடுக்கி வைத்து, பக்கத்துக் கவுண்டி எழுத்தர் பெண்ணிடம் போனில் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டாள்.

அவள் எழுதிய வேலை ஒன்றே ஒன்று. செத்த திட்டில் சுண்ணாம்புக் கல் கொட்டுவது. மிதந்து வரும் சிப்பிக் குஞ்சு பிடித்துக்கொள்ளக் கடினமான ஏதாவது வேண்டும். பிடித்துவிட்டால் இரண்டு மூன்று வருஷத்தில் திட்டு எழும்பிவிடும்.

அவள் எதற்காக அப்படி உழைத்தாள் என்பது ஊருக்கே தெரியும். எங்கள் பக்கம் சிப்பியை விட்டால் இருக்கும் ஒரே வேலை, பைன் காட்டுக்குள் இருக்கும் சிறைச்சாலையில் காவலர் வேலை. அதற்குள் பத்துப் பதினைந்து பேர் போய்விட்டார்கள். நானும் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தேன். ராய்ஸ் மட்டும் அசையவில்லை. “கொலை பண்ணவனையே பிடிச்சு இழுத்துட்டுப் போனாத்தான் உள்ள போறான். நானே நடந்து போய்ப் பூட்டிக்கணுமா?” என்பான். நெல்டா அவனிடம், “ரெண்டு மூணு வருஷம் பொறுத்துக்க. திட்டை நான் உனக்குத் திரும்ப வாங்கித் தரேன்” என்று சொல்லியிருந்தாள். அவள் கொடுத்த வாக்கு அது. அவனும் பொறுத்துக்கொண்டிருந்தான். வாரத்துக்கு மூன்று மூட்டை எங்கிருந்தோ கொண்டுவருவான். சனிக்கிழமை ஒரு வாளி வீட்டுக்கு. எங்கிருந்து என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்பது மரியாதை இல்லை.

இடத்தைத் தேர்வு செய்யத் தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் கூட்டம் வைத்தார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து டாக்டர் ப்ரூவிட் என்ற சின்ன வயசுப் பெண் வந்திருந்தாள். சுவரில் குடாவின் வரைபடம், மேஜையில் ஒரு கிண்ணம் நிறையச் சிவப்புத் தலை ஊசிகள். நாங்கள் முப்பத்தொரு பேர்.

“உங்களுக்குத் தெரிஞ்ச அளவு எனக்குத் தெரியாது” என்றாள் ப்ரூவிட். “முன்னாடி எங்க நல்லா விளைஞ்சதோ, அங்க ஆளுக்கு ஒரு ஊசி குத்துங்க.”

முதலில் ஓடிஸ் எழுந்தான். எங்களில் மூத்தவன், குறும்புக்காரன். வரைபடத்தைப் பாதிரியார் பைபிளைப் பார்ப்பது போலப் பார்த்தான். பிறகு பாதிரியார் திட்டில் கொண்டுபோய் ஊசியைக் குத்தினான். பின்வரிசையில் எவனோ இருமினான். அடுத்தவனும் அங்கேயே குத்தினான். எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை, நானும் அங்கேயே குத்தினேன். வெறும் விளையாட்டு என்று இப்போது சொன்னால் அது இரண்டாவது பொய் ஆகிவிடும். மற்றவன் எவனாவது நிஜத்தைக் காட்டுவான், என்னுடையது என்னோடு இருக்கட்டும் என்று ஒவ்வொருவனும் நினைத்தோம். கல் கொட்டிய இடத்தில் மூன்று வருஷம் இடுக்கி இறக்கக் கூடாது என்று ப்ரூவிட் முதலிலேயே சொல்லியிருந்தாள். அவனவன் கையில் மிச்சமிருந்த ஒரு துண்டுத் திட்டையும் மூடிவிட்டால் சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

முப்பத்தொரு பேரில் இருபத்துநான்கு பேர் ஊசி பாதிரியார் திட்டில் நின்றது, மிச்சம் ஏழு பேர் ஊசியே எடுக்கவில்லை.

“இவ்வளவு ஒற்றுமையா ஒரு ஊரை நான் பார்த்ததே இல்லை” என்றாள் ப்ரூவிட், கண் விரிய.

கூடமே வெடித்துச் சிரித்தது. நெல்டா சிரிக்கவில்லை. சிப்பிக் கொட்டகையில் வளர்ந்தவளுக்கு அந்தப் பேர் தெரியாதா? எழுந்து போய் ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கிண்ணத்தில் போட்டாள்.

“சிரிச்சு முடிச்சாச்சா?” என்றாள். “இது வெளியூர்க்காரன் கேட்ட கேள்வி இல்ல. நான் கேட்டது.”

அந்த வாரம் வீடு வீடாக வந்தாள். நான் படகை நிறுத்தும் கொட்டகைக்கும் வந்தாள்.

“ஹாலிஸ், உன் இடம் எது?”

“என் இடத்துல என்ன இருக்கு, மிஸ் நெல்டா. செத்த ஓடுதான்.”

“அதையாவது காட்டு.”

“ராய்ஸைக் கேளுங்க. ராய்ஸ் சொல்ற இடத்தைப் போடுங்க. அவனுக்குத் தெரியாததா?”

எல்லோரும் இதையே சொல்லியிருக்கிறார்கள். ஆக முப்பது பேரும் சேர்ந்து அவளை அவள் வீட்டுக்கே திருப்பி அனுப்பினோம். அன்று இரவுச் சாப்பாட்டில் ராய்ஸ் தட்டைப் பார்த்துக்கொண்டே, “முழங்கைத் திட்டுல போடு” என்றான். அவள் எழுதிக்கொண்டாள். ப்ரூவிட்டின் ஆட்கள் போய்க் கழியால் குத்திப் பார்த்தார்கள். அடி கெட்டியாக இருந்தது. கல் புதையாது, சரி என்றார்கள்.

திட்டம் நாற்பத்தைந்து நாள் தொங்கியது. கவுண்டி அலுவலகத் தாழ்வாரத்தில் ஒன்று, நூலகத்தில் ஒன்று, மளிகைக் கடையில் ரொட்டி அடுக்குக்குப் பக்கத்தில் ஒன்று. ரொட்டி வாங்கப் போனவன் நின்று பார்த்தேன். முழங்கைத் திட்டில் சிவப்புக் கட்டம் போட்டிருந்தது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அது துளைநத்தை இடம். கடல்வாய்க்குப் பக்கம், உப்புத் தண்ணீர். எந்தக் குஞ்சு ஒட்டினாலும் விரல்நகம் அளவு வளர்வதற்குள் நத்தை ஏறி ஓட்டில் துளை போட்டு உறிஞ்சிவிடும். என் அப்பாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அந்தக் கடையில் ரொட்டி வாங்கிய ஒவ்வொரு சிப்பிக்காரனுக்கும் தெரியும். ராய்ஸுக்கு எங்கள் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

கீழே ஒரு பெட்டி, பக்கத்தில் தாளும் பென்சிலும். ‘இடம் தப்பு’ என்று இரண்டு வார்த்தை எழுதினால் போதும். பேர்கூடப் போட வேண்டாம். எழுதவில்லை. ஒருவன் தன் திட்டை மறைத்தால் இன்னொருவன் காட்டிக்கொடுக்கக் கூடாது, அது எங்கள் ஊர் ஒழுக்கம். அதோடு, முழங்கை இல்லையென்றால் கட்டத்தை எங்கே நகர்த்துவார்கள்? ஒருவேளை என் தலையிலேயே வைப்பார்கள். கோரைத் தீவுக்குத் தெற்குப் பக்கம் எனக்கு ஒரு படகு நீளத்துக்கு உயிருள்ள திட்டு மிச்சமிருந்தது.

ஊரிலிருந்து வந்த கருத்துகள் மொத்தம் மூன்று. ஒருவர் கூழைக்கடாக்களுக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டிருந்தார். ஒருவர் கார் நிறுத்த இடம் கேட்டிருந்தார். ஒருவர் தலைவரின் பெயரில் எழுத்துப்பிழை என்று சுட்டியிருந்தார். மூன்றுக்கும் நெல்டா மரியாதையாகப் பதில் எழுதினாள்.

கடைசி நாள் மளிகைக் கடையில் அவளைப் பார்த்தேன். முகம் முழுக்கச் சந்தோஷம். “யாருமே மறுப்பு சொல்லல, ஹாலிஸ். நீங்கள்லாம் வரிஞ்சு கட்டிக்கிட்டு வருவீங்கன்னு பயந்துட்டே இருந்தேன்” என்றாள்.

“நல்ல திட்டம், மிஸ் நெல்டா” என்றேன்.

என் வாழ்க்கையில் சொன்ன பொய்களில் அது ஒன்றுதான் இன்னும் வாயில் கசக்கிறது.

மனு தேறியது. எங்களைப் போன்ற ஒரு கவுண்டிக்கு அது சாதாரண விஷயம் இல்லை. டை கட்டிய நாலு பேரை வைத்திருந்த பக்கத்துக் கவுண்டியின் மனுவையே இரண்டு தரம் திருப்பி அனுப்பியிருந்தார்கள். கல் ஏற்றிய தட்டைப் படகு வந்து, நீர்ப்பீரங்கியால் கல்லைத் தண்ணீருக்குள் அடித்துத் தள்ளிய நாளில், கரையில் மீன் பொரித்து ஊருக்கே போட்டார்கள். தலைவர் பேசினார். நெல்டா ராய்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் கல் விழுவதைப் பார்க்கவில்லை, தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் பொரித்த மீனைத் தின்றோம்.

இரண்டு வருஷம் கழித்துப் பலனை அளக்க ப்ரூவிட் முக்குளிப்பவர்களோடு வந்தாள். நெல்டா படகில் கூடப் போனாள். மேலே வந்த தட்டில் கல் இருந்தது, கல்லில் விரல்நகம் அளவு ஓடுகள் இருந்தன. எல்லாம் காலி. ஒவ்வொரு ஓட்டிலும் ஊசியால் குத்தியது போல ஒரு துளை. நெல்டா ஒரு ஓட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாளாம். பிறகு இன்னொன்று. “இது துளைநத்தை இடம்னு முன்னாடியே யாருக்கும் தெரியாதா?” என்று ப்ரூவிட் கேட்டிருக்கிறாள். நெல்டா சில ஓடுகளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாளாம்.

அன்று வீட்டில் நடந்ததை ராய்ஸே எனக்குச் சொன்னான். அந்த ஓடுகளில் நாலைந்தைச் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக வைத்தாளாம்.

“நாலஞ்சு வருஷமா சனிக்கிழமை சனிக்கிழமை எனக்கு ஒரு வாளி சிப்பி கொண்டுவந்தே” என்றாள். “அத்தனையும் நான்தான் உடைச்சேன். ஒண்ணுலகூட துளை இல்லையே, ராய்ஸ்.”

அவன் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தான்.

“அது முழங்கைத் திட்டுச் சிப்பி இல்ல.”

“இல்ல.”

“இது நத்தை இடம்னு உனக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“ஏன் சொல்லல?”

“யார்கிட்டயும் சொன்னதில்ல, நெல்டா. அப்பா சாகும்போது சொன்ன இடம் அது.”

“நான் யாரோவா?”

அவன் எழுந்து வெளியே போய்விட்டானாம். கல்லை என் திட்டில் போட்டிருந்தால் மூன்று வருஷம் மூடியிருப்பார்கள், அந்த மூன்று மூட்டையும் போயிருக்கும், அவள் சம்பளத்தில் உட்கார்ந்து தின்ன எனக்குக் கூச்சம் என்று என்னிடம் சொன்னான். அவளிடம் சொல்லவில்லை. எந்தத் திட்டுக்காக மறைத்தானோ அந்தத் திட்டும் அதற்கு ஒரு வருஷம் முன்பே செத்துப்போயிருந்தது. கடைசி வாளிகளை அவன் வேறு ஊர்ச் சந்தையில் காசு கொடுத்து வாங்கி வந்திருக்கிறான்.

அடுத்த வாரமே ராய்ஸ் சிறைச்சாலைக்கு மனுப் போட்டான்.

நெல்டா அறிக்கை எழுதினாள். பலன் கிடைக்காததற்குக் காரணம் என்ற கட்டத்தில் வெள்ளம், புயல் என்று எதையாவது எழுதித் தப்பித்திருக்கலாம். தலைவரே அப்படித்தான் எழுதச் சொன்னார். அவள் எழுதியது இது: ‘இடம் தவறு. இடத்தைச் சொன்னவர் என் கணவர். சரிபார்க்காதது நான்.’ வாஷிங்டனில் அதைப் படித்தவர்கள் என்ன நினைத்தார்களோ. முதல் கல்லுக்குப் பலன் காட்டாமல் இரண்டாவது கல்லுக்குக் கேட்க வழி இல்லாமல் போயிற்று. கவுண்டியின் மிச்சப் பங்கை வெளியூர்க்காரர்கள் மோட்டார் படகு இறக்கும் சரிவுக்கும், கார் நிறுத்தும் இடத்துக்கும் திருப்புவது என்று கமிஷனர்கள் முடிவெடுத்தார்கள். கார் நிறுத்த இடம் கேட்டு எழுதிப் போட்ட அந்த ஒரு ஆளுக்கு மட்டும் கேட்டது கிடைத்தது.

அந்த ஓட்டெடுப்பு அதே தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில்தான் நடந்தது. ஐந்துக்கு ஐந்து. சிப்பிக்காரர்கள் பதினெட்டுப் பேர் பின்னால் நின்றோம். ராய்ஸ் வேலை முடிந்து காவலர் சீருடையிலேயே வந்திருந்தான், இடுப்பில் சாவிக்கொத்து. கமிஷனர்கள் எழுந்து போன பிறகு நெல்டா பையிலிருந்து அந்தப் பழைய வரைபடத்தை எடுத்துச் சுவரில் மாட்டினாள். மேஜையில் ஊசிக் கிண்ணத்தை வைத்தாள்.

“இது எதுக்கும் இல்ல” என்றாள். “திட்டமும் இல்ல, மனுவும் இல்ல. எங்கயும் அனுப்பப் போறதில்ல. எனக்குத் தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்.”

யாரும் அசையவில்லை. “கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்” என்று எவனோ முணுமுணுத்தான். ஓடிஸ் அவனை முறைத்துவிட்டு, தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் போனான். இந்த முறை மேற்குப் பக்கமே திரும்பவில்லை. நடுக்குடாவில் ஒரு இடத்தில் குத்திவிட்டுத் திரும்பி வந்து நின்றான். அப்புறம் ஒவ்வொருவராகப் போனார்கள். யாரும் சிரிக்கவில்லை. ராய்ஸ் போனான். சாவிக்கொத்து சத்தம் போடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு குத்தினான்.

நான்தான் கடைசி. ஊசியை எடுத்துக்கொண்டு கோரைத் தீவைத் தேடினேன். வரைபடத்தில் அது ஒரு அரிசி அளவுதான் இருந்தது. அதன் தெற்கு ஓரத்தில் குத்தப் போனால் ஊசித்தலை இடித்தது. வடக்கு ஓரத்தில் ஏற்கெனவே ஒரு ஊசி நின்றது. ராய்ஸுடையது. தீவுக்கு அந்தப் பக்கம் அவனும் இந்தப் பக்கம் நானும் இருபது வருஷம் ஒரே திட்டை, ஆள் உயரக் கோரை மறைக்க, ஒருவருக்கொருவர் தெரியாமல் சுரண்டியிருக்கிறோம். ஒரு படகுக் கல் இரண்டு பேருக்கும் போதுமாக இருந்திருக்கும்.

திரும்பி ராய்ஸைப் பார்த்தேன். அவனும் அந்த இரண்டு ஊசியைப் பார்த்துவிட்டான்.

நெல்டா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரைபடத்தின் அருகில் வந்தாள். ஒவ்வொரு ஊசியாகப் பார்த்தாள். எங்கள் இரண்டு ஊசியிடம் வந்ததும் இரண்டையும் விரலால் தொட்டாள்.

“இதைத்தான் கேட்டேன்” என்றாள். பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.